20 டன் பொக்லைனை லோ பெட்டில் கொல்லிமலை ஏற்ற வேண்டும்: எந்த டிரெய்லர், எப்படித் திருப்புவது?

காரவள்ளி_கான்ட்ராக்ட் (கேள்வி)

வணக்கம்ங்க. செம்மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தடுப்பணை வேலைக்கு 20 டன் செயின் பொக்லைன் மேலே போக வேண்டும். ஹிட்டாச்சி 200 அளவு வண்டி. புல்லர் (டிரெய்லரை இழுக்கும் முன்வண்டி) 10 டயர். டிரெய்லர் 40 அடி செமி லோ பெட் (தளம் தாழ்ந்த டிரெய்லர்), பின்னால் மூன்று ஆக்சில். சமதரையில் இந்த செட்டில் ஒரு குறையும் இல்லை. மலை ஏறியது கிடையாது. காரவள்ளி வழியில் 70 கொண்டை ஊசி வளைவு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இந்த டிரெய்லர் வளைவில் திரும்புமா என்று வண்டியை ஏற்றாமலே கணக்குப் போட வழி உண்டா? திரும்பாது என்றால் எந்த அளவு டிரெய்லர் வாடகைக்குப் பிடிப்பது? ஏற்றத்தில் வளைவுக்கு நடுவில் நின்றுவிட்டால் என்ன செய்வது? "ஒடிச்சு ஒடிச்சு எடுத்துக்கலாம்" (முன்னும் பின்னும் எடுத்துத் திருப்பலாம்) என்கிறார் டிரைவர். எனக்கு மனசு ஒப்பவில்லை.

அளவுநாடா

உங்கள் மனசு சொல்வதுதான் சரிங்க. கணக்கைப் பார்த்துவிடுவோம்.

டிரெய்லர் திரும்புமா என்பதற்கு அதன் மொத்த நீளத்தைப் பார்க்கக் கூடாது. கிங் பின்னில் (டிரெய்லரைப் புல்லரோடு பூட்டும் முளை) இருந்து பின் ஆக்சில்களின் நடு வரை எவ்வளவு என்று பாருங்கள். மூன்று ஆக்சில் என்றால் நடு ஆக்சில் வரை. 40 அடி டிரெய்லரில் இது சுமார் 9.5 மீட்டர் வரும். புல்லரில் முன் ஆக்சிலில் இருந்து பின் இரட்டை ஆக்சிலின் நடு வரை சுமார் 3.9 மீட்டர். இரண்டையும் உங்கள் வண்டியில் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

அடுத்து வளைவை அளக்க வேண்டும். 10 மீட்டர் கயிற்றின் இரு நுனியையும் வளைவின் உள்விளிம்பில் பிடித்து இழுங்கள். கயிற்றின் நடுவில் இருந்து தார் விளிம்பு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பாருங்கள். 1.75 மீட்டர் வந்தால் உள் ஆரம் 8 மீட்டர். 92 சென்டிமீட்டர் வந்தால் 14 மீட்டர். இடையில் வரும் அளவுகளுக்கு: 100-ஐ அந்த இடைவெளியின் எட்டு மடங்கால் வகுத்து, இடைவெளியில் பாதியைக் கூட்டுங்கள். வளைவின் நடு முனையில் சாலை அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 70 வளைவையும் அளக்க வேண்டாம். கண்ணுக்கு இறுக்கமாகத் தெரியும் ஏழெட்டு வளைவு போதும். மலையில் வண்டியை நிறுத்தப் போவது அதில் ஒன்றுதான்.

உள் ஆரம் 8 மீட்டர், அகலம் 7.5 மீட்டர் உள்ள வளைவு என்று வைத்துக்கொள்வோம். வெளிவிளிம்பு 15.5 மீட்டரில் வரும். புல்லரின் அரை அகலம் 1.25, விளிம்பில் இருந்து அரை மீட்டர் இடைவெளி, இரண்டையும் கழித்தால் முன் ஆக்சிலின் நடு 13.75 மீட்டர் ஆரத்தில் போகலாம். அதன் வர்க்கம் 189. அதில் 3.9-இன் வர்க்கம் 15.2, 9.5-இன் வர்க்கம் 90.25 இரண்டும் போக மீதி 83.6. வர்க்கமூலம் 9.14. டிரெய்லர் ஆக்சிலின் நடு போகும் ஆரம் இது. பொக்லைன் செயின் அகலம் 2.8 மீட்டர், அதில் பாதி 1.4 போனால் 7.74. சாலையின் உள்விளிம்போ 8 மீட்டரில் இருக்கிறது. உள்பக்க டயர் தாரை விட்டு இறங்கும். அங்கே வடிகால் இருந்தால் அதில் விழும், சுவர் இருந்தால் அதை உரசும்.

இதே வளைவில் கிங் பின் முதல் ஆக்சில் வரை 6.5 மீட்டர் உள்ள குட்டை டிரெய்லரைப் போட்டுப் பாருங்கள். 10 மீட்டர் வரும், உள்பக்கம் 2 மீட்டர் மிச்சம். முழு வட்டம் சுற்றினால் வரும் கணக்கு இது. 180 டிகிரி வளைவில் உள்ளே இழுப்பது இதைவிடக் கொஞ்சம் குறையும். அந்தக் குறைவை நம்பி வண்டியை விடாதீர்கள், டிரைவரின் கை பிசகுக்கு அது இருக்கட்டும்.

இந்தியச் சாலைக் காங்கிரஸின் மலைச்சாலை விதிப்படி கொண்டை ஊசி வளைவின் உள் ஆரம் குறைந்தது 14 மீட்டர், நடு முனையில் அகலம் இருவழி நெடுஞ்சாலைக்கு 11.5 மீட்டர், ஒருவழிக்கு 9 மீட்டர் இருக்க வேண்டும். 14-க்கு 9 உள்ள வளைவில் உங்கள் 40 அடியே தாராளமாகத் திரும்பும். ஆனால் மலைப்பாதைகளில் எல்லா வளைவும் அந்த அளவுக்குள் வருவதில்லை. கயிறு பிடித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

கணக்கு போடும் முன் இன்னொன்று. ராசிபுரம், முள்ளுக்குறிச்சி வழியாகவும் மேலே பாதை இருக்கிறது. வளைவுகள் குறைவு. காரவள்ளியை அளக்கும் அன்றே அதையும் ஒரு முறை ஏறி இறங்கிப் பாருங்கள். சுற்று வழிக்கு ஆகும் டீசல், ஒரு டயர் வெடித்து அரை நாள் மலையை அடைத்துக்கொண்டு நிற்பதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

சங்ககிரி_லோடு

டிரெய்லர் எதற்குங்க? டாரஸ் 10 டயர் லாரியில் ஏற்றிவிட்டால் திரும்புவது சுலபம்தானே. ஒரே சட்டம், ஒடிக்கும் வேலையே இல்லை.

அளவுநாடா

திரும்பும், அதில் சந்தேகம் இல்லை. எடைதான் இடிக்கும். மூன்று ஆக்சில் லாரிக்கு 2018 திருத்தத்துக்குப் பிறகு மொத்த எடை 28.5 டன். வண்டியின் சொந்த எடை 10 டன் என்று வைத்தாலும் ஏற்றக்கூடியது 18.5 டன்தான். அவருடைய பொக்லைன் 20, 21 டன் இருக்கும். உயரமும் உதைக்கும். லாரியின் தளம் தரையில் இருந்து ஒன்றரை மீட்டர், அதன் மேல் பொக்லைன் 3 மீட்டர். நாலரை மீட்டர் உயரத்தில் மரக்கிளையும் மின்கம்பியும் பார்த்துப் பார்த்துப் போக வேண்டும். உயரம் ஏற ஏற, சாய்ந்த வளைவில் வண்டி உள்பக்கம் படுக்கும் பயமும் ஏறும். லோ பெட் தளம் ஒரு மீட்டருக்குள் வந்துவிடும்.

வேலைக்கு 14 டன் வகை மெஷின் போதும் என்றால் நீங்கள் சொல்வது எடைக் கணக்கில் சரியாக வரும். கான்ட்ராக்ட் நண்பர் அதை யோசிக்கலாம். சின்ன மெஷின் நாலு நாள் கூடுதலாக வேலை செய்தாலும் ஏற்றி இறக்கும் செலவில் அது ஈடாகலாம்.

பதினெட்டு_டயர்

ஓட்டும் பக்கத்தைச் சொல்கிறேன். "ஒடிச்சு ஒடிச்சு எடுக்கலாம்" என்பது லாரிக்கு ஒத்து வரும். லோடு டிரெய்லரை ஏற்றத்து வளைவுக்குள் ரிவர்ஸ் எடுப்பதுதான் மலையில் நடக்கும் சேதத்தில் பாதிக்குக் காரணம். ரிவர்ஸில் டிரெய்லர் கீழ்நோக்கிப் போகும், புல்லர் அதை ஒரு கோணத்தில் தள்ளும். கோணம் கூடிக்கொண்டே போய் கேபினின் பின் மூலை டிரெய்லர் கழுத்தில் மோதும். இரண்டு முறை முன்னும் பின்னும் எடுத்தாலே கிளச் பிளேட் கருகி வாடை வரும். மூன்றாவது முறைக்குக் கிளச் பிடிக்காது. அதனால் ஒரே வெட்டில் திரும்பாத டிரெய்லரை மலைக்கே கொண்டுபோகக் கூடாது. அளவுநாடா சொன்ன கணக்கு அதற்குத்தான்.

ஏறும்போது இடது வளைவும் வலது வளைவும் ஒன்றல்ல. நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் இடது வளைவில் உள்பக்கத் தடத்தில் மாட்டிக்கொள்கிறோம். ஏற்றமும் அங்கேதான் செங்குத்து. சாலையின் சராசரி ஏற்றம் 100-க்கு 7, 8 என்றால் உள்விளிம்பில் அது 15-ஐத் தொடலாம். ஆகவே எதிர் வண்டியை நிறுத்திவிட்டு முழுச் சாலையையும் எடுத்துக்கொள்ள வேண்டும். வளைவுக்கு 30 மீட்டர் முன்பே வலது ஓரம் போய், வெளிவிளிம்பை ஒட்டியே நேராக விட்டு, புல்லரின் மூக்கு சாலை முடியும் இடம் வரை போன பிறகு ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டும். சீக்கிரம் ஒடித்தால் புல்லர் சுகமாகத் திரும்பிவிடும், டிரெய்லர் உள்ளே இறங்கிவிடும். புதிதாக மலை ஏறும் டிரைவர்கள் செய்யும் ஒரே தப்பு இதுதான்.

இடது வளைவில் இன்னொரு சங்கடம் கண்ணாடி. புல்லர் இடப்பக்கம் மடங்கியதும் இடது கண்ணாடியில் டிரெய்லரின் பக்கவாட்டு மட்டும் தெரியும், பின் டயர் மறைந்துவிடும். கிளீனர் வெறுமனே "வா வா" என்று முன்னால் நின்று கத்தினால் பிரயோசனம் இல்லை. இடது பின் டயருக்கு நேராக, விழுந்தால் சிக்காத தூரத்தில், சாலையின் மேல்பக்கம் நிற்க வேண்டும். டயருக்கும் விளிம்புக்கும் இடையில் எத்தனை கை என்று வாக்கிடாக்கியில் எண் மட்டும் சொல்ல வேண்டும்: மூன்று, இரண்டு, ஒன்று, நில். இரண்டு பேர் சேர்ந்து சத்தம் போட்டால் டிரைவர் எதைக் கேட்பார்?

கியரை வளைவுக்கு முன்பே போட்டுவிடுங்கள். முதல் கியர் அல்லது கிராலர் (அதைவிட மெதுவான கியர்). வளைவுக்குள் கியர் மாற்றக் கூடாது. கிளச் மிதித்த அந்த ஒரு நொடியில் 37 டன்னும் நின்றுவிடும், பிறகு கிளப்பும்போது ஜாயிண்ட் அல்லது ஆக்சில் தண்டு உடையும். 37 டன் எப்படி என்றால் மெஷின் 20, டிரெய்லர் 8, புல்லர் 9. இரண்டு பின் ஆக்சிலுக்கும் இடையிலான லாக்கை வளைவுக்கு முன்னால் போடலாம். இடது வலது டயரைச் சேர்த்துப் பூட்டும் டிஃபரென்ஷியல் லாக் வேண்டாம். அது போட்டிருந்தால் ஸ்டியரிங் ஒடித்தாலும் வண்டி நேரே வெளிச்சுவரைப் பார்த்துத்தான் போகும்.

ஈரத்தில் ஏன் ஏறாது என்பதையும் எண்ணில் பாருங்கள். 100-க்கு 15 ஏற்றத்தில் 37 டன்னை இழுக்க, டயர் உருளும் தடையையும் சேர்த்து, சுமார் 5.9 டன் இழுவை வேண்டும். புல்லரின் பின் ஆக்சில்கள் மேல் நிற்கும் எடை 14.5 டன் என்று வைத்தால், காய்ந்த தாரில் சுமார் 8.7 டன் வரை பிடிப்பு கிடைக்கும். மண் கலந்த ஈரத் தாரில் அது பாதியாகி 4.3 டன்னுக்கு இறங்கும். டயர் சுற்றும், வண்டி நிற்கும். எஞ்சின் எத்தனை குதிரைத் திறன் இருந்தும் பிரயோசனம் இல்லை. தூறல் விழுந்தால் அடிவாரத்திலேயே நிறுத்திவிடுங்கள். வளைவில் சிந்திக் கிடக்கும் மண்ணையும் ஜல்லியையும் முன்னால் போகும் ஆள் துடைப்பத்தால் தள்ளிவிட வேண்டும். இது சின்ன வேலை என்று விட்டுவிடுவார்கள், பலன் பெரிது.

நின்றுவிட்டால்: டிரெய்லர் பிரேக்கும் பார்க்கிங் பிரேக்கும் போட்டு, டிரெய்லர் பின் டயர்களுக்கும் புல்லர் பின் டயர்களுக்கும் அடைக்கட்டை கொடுத்த பிறகே யாராவது வண்டிக்குப் பின்னால் போக வேண்டும். ஏறும்போதே கட்டையோடு ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்க வேண்டும், கேபினில் கட்டை கிடந்து பயனில்லை. கல்லைக் கட்டையாக வைக்காதீர்கள், லோடு டயர் அதை நழுவித் தள்ளிவிடும். மறுபடி கிளப்ப முன்னால் இருந்து இன்னொரு புல்லரோ டிராக்டரோ இழுக்க வேண்டும் என்றால் கம்பி வடத்தைச் சுற்றி இருபுறமும் ஆள் நிற்கக் கூடாது. வளைவில் இழுக்கும் வண்டி உள்பக்கமாக இழுத்தால் புல்லர் மூக்கும் உள்ளே போய்விடும், அது முன்னால் நேராக நின்று இழுக்க இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

காரவள்ளி_கான்ட்ராக்ட்

ரொம்ப நன்றிங்க. 40 அடி இனி பேச்சில் இல்லை. 6.5 மீட்டர் உள்ள இரண்டு ஆக்சில் குட்டை லோ பெட் பிடிக்கிறேன். மெஷினை அதில் எப்படி வைப்பது? பூம் (மெஷினின் நீண்ட கை) முன்னால் இருக்கலாமா, பின்னால் இருக்கலாமா? கட்டும் செயின் எத்தனை?

செயின்_பைண்டர்

இரண்டு ஆக்சில் நல்ல முடிவு. மூன்று ஆக்சில் இறுக்கமான வளைவில் டயரைப் பக்கவாட்டில் தேய்க்கும். காற்று குறைவாக இருந்தால் டயர் விளிம்பு ரிம்மை விட்டே கழன்றுவிடும்.

பூமைப் பின்னால் நீட்டி வைத்தால் வளைவில் அது வெளிப்பக்கம் வீசும். டிரெய்லர் உள்ளே போகும்போது ஆக்சிலுக்குப் பின்னால் நீட்டியிருப்பதெல்லாம் எதிர்த்திசையில் போகும். வெளிச்சுவரிலோ, ஒதுங்கி நிற்கும் பஸ்ஸின் கண்ணாடியிலோ படும். முன்பக்கம் வைத்தால் கேபினுக்கும் பக்கெட் முனைக்கும் இடைவெளி வேண்டும், அதுவும் நேராக நிற்கும்போது அல்ல. சமதரையில் புல்லரை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, கேபின் மூலை, புகைக்குழாய், பூம் மூன்றும் எங்கே வருகின்றன என்று பார்த்துவிட்டுத்தான் கட்ட வேண்டும். அந்த ஒடிப்பிலேயே டிரெய்லருக்குப் போகும் காற்றுக் குழாய்களையும் பாருங்கள். முழு ஒடிப்பில் குழாய் விறைத்து நின்றால் மலையில் அது பிடுங்கிக்கொள்ளும். சிவப்புக் குழாய் போனால் டிரெய்லர் பிரேக் தானே பிடித்து, வளைவுக்கு நடுவில் வண்டி அசையாது.

கிங் பின் மேல் போதிய எடை விழும்படி மெஷினை முன்தள்ளி வையுங்கள். மொத்தம் 28 டன்னில் 10, 10.5 டன் கிங் பின்னுக்கு, மீதி டிரெய்லர் ஆக்சில்களுக்கு. ஏற்றத்தில் எடை பின்னால் சாயும். கிங் பின் லேசாக இருந்தால் பதினெட்டு_டயர் சொன்ன அந்த 14.5 டன் கிடைக்காது. எடை மேடை அடிவாரத்துக்கு முன்பே இருக்கும், புல்லர் ஆக்சிலை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

மெஷின் ஓடும் இரும்புச் செயின் இரும்புத் தளத்தில் நின்றால் பனி பட்டாலே வழுக்கும். தளத்தில் மரப்பலகை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தடித்த ரப்பர் பாய் போடுங்கள். பக்கெட்டை மரக்கட்டை மேல் இறக்கி அழுத்தி வைத்து, மேல்பாகம் சுழலாமல் லாக் போடுங்கள். கட்டுவதற்கு 13 மில்லிமீட்டர் 80 கிரேடு செயின், நாலு மூலைக்கு நாலு, மெஷினின் கீழ்ச்சட்டத்தில் இருக்கும் கொக்கித் துளைகளில். பக்கெட், ஆர்முக்குத் தனியாக ஒன்று. 10 மில்லிமீட்டர் செயின் 13-இன் பலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்கும் கீழேதான் தாங்கும், அதை வைத்து ஒப்பேற்ற வேண்டாம். முன் இரண்டு முன்னோக்கி, பின் இரண்டு பின்னோக்கி, தளத்தில் இருந்து சாய்வாக. செங்குத்தாக இழுத்துக் கட்டினால் முன்பின் நகர்வைப் பிடிக்காது. பிரேக் அடித்தால் முன்னோக்கி எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசை வரும் என்று வைத்துத்தான் உலகம் முழுக்கக் கட்டுகிறார்கள். 20 டன்னுக்கு அது 16 டன். வழுக்கும் தளத்தில் அத்தனையும் செயின் மேல் விழும்.

முதல் ஐந்தாறு வளைவு முடிந்ததும் அகலமான இடத்தில் நிறுத்தி எல்லா பைண்டரையும் (செயினை இறுக்கும் கருவி) மறுபடி இறுக்குங்கள். சாய்ந்த வளைவில் டிரெய்லர் முறுக்கிக்கொள்ளும்போது மெஷின் அசைந்து உட்காரும், நாலு செயினில் இரண்டு தொளதொளவென்று நிற்கும். கையால் தட்டினால் கணீர் என்று கேட்க வேண்டும்.

நெடுஞ்சாலை_ஓரம்

அனுமதி பற்றி யாரும் சொல்லவில்லை. மோட்டார் வாகன விதியில் அகலம் 2.6 மீட்டர். உங்கள் மெஷின் 2.8 இருப்பதால் அளவு மீறிய சரக்கு ஆகிவிடுகிறது. போக்குவரத்து அலுவலகத்திலும் நெடுஞ்சாலைக் கோட்டப் பொறியாளரிடமும் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், போலீசுக்கும் தகவல் கொடுங்கள். வளைவில் முழுச் சாலையும் எடுப்பதால் மேலே ஒருவர், கீழே ஒருவர் கொடியோடு நின்று போக்குவரத்தை நிறுத்த வேண்டும். பஸ் நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு நடுவில் ஏறுங்கள். ராத்திரியில் சாலை காலியாக இருக்கும் என்று யோசிக்க வேண்டாம், உள்விளிம்பு தெரியாமல் இந்த வேலை நடக்காது. திம்பம் மாதிரி 27 வளைவு உள்ள காட்டுப் பாதையில் 2022 பிப்ரவரியில் மாலை 6 முதல் காலை 6 வரை கனரக வண்டிக்கு நீதிமன்றமே தடை போட்டது. இதைப் படித்துவிட்டு வேறு மலைக்குப் போகிறவர்கள் அந்தந்த மலையின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதினெட்டு_டயர்

வேலை முடிந்து இறக்குவதையும் இப்போதே எழுதிவிடுகிறேன், அப்போது யாரும் கேட்க மாட்டார்கள். ஏற்றத்தில் வண்டி நிற்கும், அவ்வளவுதான். இறக்கத்தில் நிற்காது.

எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், எக்ஸாஸ்ட் பிரேக் (எஞ்சின் புகைவழியை அடைத்து வேகம் குறைப்பது) போட்டபடி. பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே வருவது டிரம்மைக் காய்ச்சிவிடும். வேகம் ஏறினால் ஒரு முறை நன்றாக அழுத்திக் குறைத்து, காலை முழுக்க எடுத்துவிட வேண்டும். டிரெய்லர் கை பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு இறங்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. இரண்டு ஆக்சிலின் டிரம் மட்டும் மொத்த எடையையும் தாங்கிக் காய்ந்து, கடைசி வளைவில் ஒன்றுமே பிடிக்காது.

கிளம்பும் முன் ஒவ்வொரு சக்கரத்திலும் பிரேக் தண்டு எவ்வளவு நீள்கிறது என்று ஒருவர் மிதிக்க ஒருவர் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் அதிகம் நீண்டால் அந்தச் சக்கரம் வேலை செய்யவில்லை, ஸ்லாக் அட்ஜஸ்டரை (பிரேக் தளர்வைச் சரிசெய்யும் பாகம்) திருகி மற்றவற்றோடு சமமாக்குங்கள். டேங்கில் காற்று 8 பாருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். வழியில் 6-க்கு இறங்கினால் நிறுத்தி ஏறவிடுங்கள். ஏழெட்டு வளைவுக்கு ஒரு முறை நின்று சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒரு சக்கரம் மட்டும் அனல் வீசினால் அங்கே பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது, ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது பிடிக்கவே இல்லை. காய்ந்த டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விட்டுவிடும். கட்டை கொடுத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறும் வரை அப்படியே நிற்கட்டும்.